பயிலுனரா நிக்கக்குள்ள மண்டையக் குடைஞ்ச வண்டி எது?

கல்லடி ஹைபிரிட்
டொயோட்டா அக்வா, ஹைபிரிட் கார். ஸ்கேனர்ல பி0ஏ80, ஹைபிரிட் பட்டரி பழுதெண்டு சொல்லுற கோட். தெரிஞ்ச கோட்தானே, வேற கராஜில "பட்டரி முடிஞ்சுது, மாத்து" எண்டு விலையும் சொல்லி அனுப்பியிருக்காங்க. பின் சீட்டைத் தூக்கினா காத்து இழுக்கிற ஃபேன் நிறையத் தூசி. மூடியைத் திறந்தா, மொடியூல்களை (பட்டரிக்குள்ள அடுக்கியிருக்கிற சின்னப் பட்டரிகள்) இணைக்கிற செப்புப் பட்டியெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. கடக்கரையில நிக்கிற வண்டிக்கு இது வழமைதான். 20 மொடியூல், ஒண்டு 7.2 வோல்ட், மொத்தம் 144. ரெண்டு ரெண்டாச் சேர்த்து அளந்தா, சும்மா நிக்கக்குள்ள பத்துச் சோடியும் ஒரே கணக்குக் காட்டுது. லோட் ஏறினா ஒரு சோடி மட்டும் 1 வோல்ட்டுக்கு மேல விழுது. அந்த விழுகையத்தான் பார்க்கணும், நிக்கிற வோல்ட்டை இல்ல. பட்டியைத் துலக்கிப் பூட்டின பிறகு அந்தச் சோடியும் மத்ததோட ஒத்து வந்துது.

பட்டியைப் பூட்டுற நட்டுக்கு 5 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இறுக்கம். பெரிய ராட்செட்டால ஒரு இழுவை இழுத்தா நட்டு ஏறுற ஸ்டட் பிளாஸ்டிக்குக்குள்ள சுத்தும், மொடியூல் குப்பைக்கு.

சம்மாந்துறை ஸ்பேனர்
பட்டியைத் துலக்கினதோட விட்டா மழைக்காலம் முடிய வண்டி திரும்பி வரும் காக்கா. எதால துலக்கின? உப்புத்தாள் போட்டா நிக்கல் பூச்சு போயிரும், மறுகா முந்தியவிடக் கெதியாப் பச்சை பிடிக்கும். வெள்ளை வினாகிரியில உப்புப் போட்டு ஊற வைங்க, நல்ல தண்ணியில கழுவி முழுசாக் காய விடுங்க.

மொடியூலையும் ஒவ்வொண்டாச் சோதிக்கணும். 55 வொட் ஹெட்லைட் பல்ப் ஒண்டைக் கொழுவி 2 நிமிசம் எரிய விட்டு, தொடக்க வோல்ட், முடிவு வோல்ட் ரெண்டையும் மொடியூலிலேயே மார்க்கரால எழுதுங்க. மத்ததைவிடக் கூட இறங்கினது ஒதுக்கு. மிச்சத்தைச் சில நாள் சும்மா வைச்சு மறுபடி அளந்தா, தானாச் சார்ஜ் கசியிறதும் பிடிபடும். நடுவில இருக்கிறதுகள்தான் கூடச் சூடாகிச் சாகும், அதால பலமானதை நடுவுக்குப் போடுங்க. அடுக்கக்குள்ள பிளஸ், மைனஸ் ஒண்டு விட்டு ஒண்டு மாறி வரணும். புது மொடியூல் ஒண்டை மட்டும் பழசுக்குள்ள செருகுறது பழைய சறத்துக்குப் புதுத் துணி ஒட்டுப் போடுற மாதிரி, பக்கத்துத் துணி கிழியும்.

வாழைச்சேனைப் பொடியன்
எனக்கு மார்கழி வெள்ளத்தில நிண்ட பிரியஸ். ஏர் ஃபில்டர் ஈரம். "ஒருக்காப் பட்டனை அமத்திப் பார்ப்பமே" எண்டு சொந்தக்காரர் கை நீட்டுறார்! ஹைபிரிட்டில அது இன்னும் மோசம், கம்பியூட்டர் தன்பாட்டில எஞ்சினைச் சுத்தும். சிலிண்டருக்குள்ள போன தண்ணி அமுங்காது, பிஸ்டனைக் கிராங்கோட இணைக்கிற கொனெக்டிங் ரொட்தான் வளையும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி கிராங்க் புலியைக் கையால சுத்த, ரெண்டு ஓட்டையால தண்ணி பீச்சி அடிச்சுது. பிறகு பிளக் ஓட்டைக்குள்ள ஒரு கம்பியை விட்டு, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரக்குள்ள உயரம் அளந்தம். ஒண்டு குறைஞ்சு நிண்டா அந்த ரொட் வளைஞ்சுட்டு. ஒயில் பால் நிறமா? தண்ணி கலந்திருக்கு, ஒருக்கா மாத்தினாக் காணாது.

ஒலுவில் நாலாம் வருசம்
இங்கிலாந்தில 2015 இல இருந்து கார்க் கொம்பனியே சம்பளமும் குடுத்து, படிப்புச் செலவும் இல்லாம டிகிரி முடிக்க விடுது. இங்க பொறியியல் பீடத்துப் பிள்ளைக்குக் கராஜில சில மாசம்தான். கராஜ் பக்கத்தால ஏறுறவருக்கு என்விகியூ (தேசிய தொழில் தகைமை) 4, பிறகு 5, 6 டிப்ளோமா, 7 தான் டிகிரி, அதுக்கு இரத்மலானைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். எந்தப் பக்கத்தால வந்தாலும் பயிற்சித் தினக்குறிப்பில "சேர்விஸ் செய்தேன்" எண்டு எழுதினா மதிப்பீட்டாளர் ஒண்டும் கேக்க மாட்டார், புள்ளியும் வராது. மேல சொன்ன 2 நிமிச வோல்ட்டுகளை அட்டவணையா எழுதுங்க.

கல்லடி ஹைபிரிட்
@சம்மாந்துறை, வினாகிரிதான் தம்பி, உப்புத்தாள் இல்ல. அதுசரி, நீ சேர்விஸ் பிளக்கை (பெரிய பட்டரியின்ட கரண்டைத் துண்டிக்கிறது) பத்தி ஒரு வரியும் எழுதல்ல. புதுசாச் சேர்ற பிள்ளைகள் இதை வாசிக்குதுகள்.

சம்மாந்துறை ஸ்பேனர்
சரி காக்கா. சாவியை வண்டிக்குத் தூர வை, 12 வோல்ட் மைனஸைக் கழட்டு, 1000 வோல்ட் கையுறையை ஊதிப் பார்த்துப் போடு (ஊசி ஓட்டை இருந்தாலும் எறி), பிளக்கை இழுத்து உன்ட சேப்புக்குள்ள போடு, 10 நிமிசம் நில்லு. இன்வேர்ட்டர் கெபாசிட்டருக்குள்ள தேங்கின கரண்ட் இறங்கத்தான் அந்த 10. பிறகும் மீட்டர் வைச்சு பூச்சியம் பார்த்திட்டுத்தான் கை. மீட்டரை முதல்ல 12 வோல்ட் பட்டரியில வைச்சு வேலை செய்யுதா எண்டு பாரு, செத்த மீட்டரும் பூச்சியம்தான் காட்டும்.