பரங்கிமலை ஓட்டம் கார்கில் மலைக்கு உதவுமா? உங்கள் அனுபவம் எழுதுங்கள்

பூட்ஸ்கால்:
பரங்கிமலையில் இருக்கிற ஓ.டி.ஏ.வுக்கு (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி) போகிற தம்பிகள் எல்லாரும் பி.பி.இ.டி. 5 கி.மீ. (பூட்ஸ் போட்டு ரைஃபிளோடு ஓடும் உடற்தகுதித் தேர்வு) பற்றியே கேட்கிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது மூச்சு இல்லை, குதிகால். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை பூட்ஸுக்குள் இறங்கும். 3-வது கிலோமீட்டரில் சாக்ஸில் ஒரு மடிப்பு விழும், 4-வதில் அந்த இடத்துத் தோல் தனியாக நகரும். மெல்லிய நைலான் சாக்ஸ் உள்ளே, கம்பளி வெளியே. கொப்புளம் வந்தால் தோலை உரிக்காதீர்கள், சுட்ட ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் எடுங்கள். ரைஃபிளைத் தோளில் தொங்கவிட்டு ஓடினால் இடுப்பில் அடித்துக்கொண்டே வரும், கையில் பிடியுங்கள். இங்கே முதலில் வருகிறவன் எந்த மலைக்கும் தாங்குவான்.

லடாக்வாசி:
கடைசி வரி தப்பு அண்ணா. கடல் மட்டத்தில் வேகமாக ஓடுகிறவன்தான் மேலே முதலில் விழுவான், ஏனென்றால் அவன் பொறுக்க மாட்டான். உயரத்துக்கு உடம்பைப் பழக்க ராணுவக் கணக்கு இது: 9,000 அடியிலிருந்து 12,000 வரை 6 நாள், 15,000 வரை 4 நாள், அதற்கு மேல் இன்னும் 4 நாள். முதல் 2 நாள் முழு ஓய்வு. 3, 4-ம் நாள் சமதளத்தில் மெதுவாக 3 கி.மீ.க்குள் நடை, ஏற்றம் கூடாது. 4 வாரத்துக்கு மேல் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினால் மறுபடி முதல் நாளிலிருந்துதான். உடம்புக்கு நாள் வேண்டும், வீரம் அதைக் குறைக்காது.

உறையூரான்:
நீங்கள் இருவரும் பேசுவதைப் படிக்கும்போது மேஜர் மாரியப்பன் சரவணன்தான் நினைவுக்கு வருகிறார். திருச்சிக்காரர், ஓ.டி.ஏ.வில் பயின்றவர், பிகார் ரெஜிமென்ட்டின் 1-வது பட்டாலியன். கார்கில் போரில், 1999 மே 29, பட்டாலிக் பகுதி, 14,000 அடி உயரத்தில் வீரமரணம். ராக்கெட் லாஞ்சரால் எதிரி நிலையை அடித்தார், சிதறல் பட்ட பிறகும் இறங்கவில்லை. உடலை ஜூலையில்தான் மீட்க முடிந்தது. வீர் சக்ரா. லாஞ்சரால் சுடும் அந்த நொடியை யோசித்துப் பாருங்கள். 84 எம்.எம். குண்டு ஒன்றே 3 கிலோ பக்கம். பின்னால் பாறை இருந்தால் வெளியேறும் தீ திரும்பிச் சுட்டவர் மேலேயே அடிக்கும், அதனால் மறைவை விட்டு வெளியே வந்துதான் சுட வேண்டும். சுட்டதும் இருட்டில் இடம் தெரிந்துவிடும். உடனே நகர வேண்டும், அந்த உயரத்தில் பத்தடி ஓடவே மூச்சு இருக்காது.

இரவுக்காவல்:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். புது லெப்டினன்ட் துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன் இருமலைக் கேட்கப் பழக வேண்டும். வறட்டு இருமல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், பிறகு இளஞ்சிவப்பு நுரை. அது சளி இல்லை, நுரையீரலில் நீர். ஜவான் தானாகச் சொல்ல மாட்டான், 'கொஞ்சம் ஜலதோஷம் சார்' என்பான். ஆக்சிஜன் கொடுங்கள், சாய்த்து உட்கார வையுங்கள், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அன்றைக்கே கீழே இறக்குங்கள். விடியட்டும் என்று வைத்திருந்தால் போச்சு. ஆட்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ராத்திரி ஒருவர் மூச்சை மற்றவர் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஆயுதத்துக்கு எண்ணெய் தடவினால் துணியால் துடைத்து எடுங்கள், குளிரில் அது பசையாகிப் போல்ட் நகராது. தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வையுங்கள், மேற்புறம்தான் முதலில் உறையும். காலையில் நிமிர்த்தினால் வாய்ப்பக்கம் தண்ணீர் இருக்கும்.