ராத்திரி தூங்காத ஆட்டிசம் பிள்ளை, யார்கிட்ட காட்டுறது?

பாம்பன்ல இருக்கோம், மகனுக்கு 6 வயசு, ஆட்டிசம். நடுராத்திரி முழிச்சா விடியுற வரைக்கும் தூக்கம் இல்ல, கதவத் தொறந்து கடற்கரைக்கு ஓடப் பாக்குறான், அவங்க அப்பா கடலுக்குப் போற அன்னைக்கு நான் ஒத்தையா கெடந்து அல்லாடுறேன். டாக்டர்ட்ட கேட்டா இந்தப் பிள்ளைங்க இப்பிடித்தான்னு அனுப்பிடுறாங்க.

கீழக்கரைல இருந்து ஒரு பதில்:
அப்பிடிச் சொன்னா விடாதீங்கக்கா. மலச்சிக்கல், குறட்டை, வலிப்பு எதுன்னாலும் தூக்கம் கெடும், பேசாத பிள்ளை எப்பிடிச் சொல்லும்? இரும்புச்சத்து கொறஞ்சாலும் காலை ஆட்டிக்கிட்டே கெடக்கும், ஃபெரிட்டின் டெஸ்ட் (ஒடம்புல இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பு இருக்குன்னு பாக்குற ரத்த டெஸ்ட்) கேளுங்க.

தொண்டில இருந்து ஒரு பதில்:
மொதல்ல எட்டாத உசரத்துல கொண்டி போடுங்க. படுக்குற, முழிக்கிற நேரத்த நோட்டுல எழுதி, போன்ல வீடியோவும் எடுத்துட்டு மாவட்ட ஜி.எச்.ல இருக்குற டி.இ.ஐ.சி.க்கு (பிள்ளைங்களோட வளர்ச்சிக் கொறைபாட்டப் பாக்குற மையம்) போங்க, 18 வயசு வரைக்கும் பாப்பாங்க. மெலடோனின்ங்கிற தூக்க மருந்த மட்டும் டாக்டர் அளவு சொல்லாம குடுத்துடாதீங்க.