நெட்வொர்க்கில் இணையும் ஹாம் ரேடியோவுக்கு வெளியாட்கள் மென்பொருள் எழுதலாமா?

நீள்அலை:
லைசென்ஸ் வாங்கிய ஆர்வலர்கள் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவில், இப்போது வரும் எஸ்டிஆர் (சிக்னல் வேலையை மென்பொருளே செய்யும்) ரேடியோ பல, வீட்டு நெட்வொர்க்கில் ஒரு சர்வர் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. ஆன்டெனா பக்கம் ஒரு பெட்டி, திரையும் குமிழும் கம்ப்யூட்டரில். நடுவில் ஓடும் கட்டளைகளைத் தயாரிப்பாளர் ஆவணமாக வெளியிட வேண்டும், யார் வேண்டுமானாலும் நிரல் எழுதட்டும் என்பது என் கட்சி. ஃபிளெக்ஸ் ரேடியோ நிறுவனம் 2012இல் அறிவித்த 6000 வரிசையைப் பாருங்கள். கட்டளைகள் டிசிபி என்ற நெட்வொர்க் முறையில், கண்ணால் படிக்கக்கூடிய எழுத்து வரிகளாகப் போகின்றன. சிக்னல் தரவு யுடிபி என்ற இன்னொரு முறையில், வீட்டா-49 என்ற பொதுத்தர வடிவப் பொட்டலங்களாக வருகிறது. மேக்கிலும் ஐபேடிலும் அந்த ரேடியோவை ஓட்டும் மென்பொருளை வெளியாட்கள்தான் எழுதினார்கள்.

மோர்ஸ்விரல்:
கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. லைசென்ஸ் என் பெயரில், நிரல் எவரோ எழுதியது. அலை தப்பாகப் போனால் பதில் சொல்வது யார்? ஒரு முறை லாக்கிங் (தொடர்புகளைப் பதிவு செய்யும்) நிரல் ஒன்று பிடிடியை, அதாவது அனுப்பும் பொத்தானை, அழுத்திய நிலையில் அப்படியே உறைந்துவிட்டது. பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பி வருகிறேன், கேரியர் (வெறும் அலை) போய்க்கொண்டே இருக்கிறது. அன்றோடு பவரை வெளியே தள்ளும் ஃபைனல் டிரான்சிஸ்டர்கள் காலி.

நீள்அலை:
வருத்தமான கதைதான் சார். ஆனால் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற டிஜிட்டல் தொடர்பு நிரலில் இதற்காகவே வாட்ச்டாக் என்ற காவல் இருக்கிறதே, குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மேல் தானாக அனுப்பிக்கொண்டே இருக்க விடாது.

மோர்ஸ்விரல்:
உறைந்துபோன நிரலுக்குள் இருக்கும் வாட்ச்டாக் எதைக் காக்கும்? அதுவும் சேர்ந்தல்லவா உறையும்.

சாலிடர்ப்புகை:
மோர்ஸ்விரல் அண்ணன் சொல்வது சரி. ஆனால் அந்தக் காவல் ரேடியோவுக்குள் இருக்க வேண்டும் என்றுதான் இதற்கு அர்த்தம், கதவை மூட வேண்டும் என்று இல்லை. கட்டளை அனுப்பும் நிரலான கிளையன்ட்டிடமிருந்து சில நொடி தகவலே இல்லையா, டிரான்ஸ்மிட்டை நிறுத்து. பேண்டு (அனுமதித்த அலைவரிசை) எல்லை, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்புகிறது என்ற கணக்கு), அதிகபட்ச பவர் மூன்றையும் ரேடியோவுக்குள் பதிந்த ஃபர்ம்வேரே பார்த்துக்கொள்ளட்டும். வெளியிலிருந்து வருவது வேண்டுகோள் மட்டுமே.

இன்னொன்று. "திறப்பது" என்று இங்கே மூன்று விஷயங்களைக் குழப்புகிறோம். வெளியிலிருந்து கட்டளை கொடுப்பது ஒன்று. நம் மாடுலேஷன் (குரலை அலையில் ஏற்றும்) நிரலை ரேடியோவுக்குள்ளேயே ஓட விடுவது இன்னொன்று. ஃப்ரீடிவி என்ற டிஜிட்டல் குரல் முறை அப்படித்தான் ஃபிளெக்ஸுக்குள் போனது, அதில் குரலைச் சுருக்கும் கோடெக்2 திறந்த மூலம் என்பதால் முடிந்தது. டி-ஸ்டார் என்ற இன்னொரு டிஜிட்டல் குரல் முறையின் ஆம்பி கோடெக் தனியுரிமைச் சரக்கு, அதை யாரும் நினைத்தபடி எடுத்துப் போட முடியாது. மூன்றாவது எஃப்பிஜிஏ (உள் சுற்றையே நிரலால் மாற்றக்கூடிய சிப்) வரை எல்லாமே திறப்பது. ஹெர்மஸ் லைட் 2 என்ற ரேடியோ அந்த வகை. எனக்கு முதல் இரண்டும் போதும். எஃப்பிஜிஏவில் கை வைப்பவன் தன் ரேடியோவைத் தானே ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவனாக இருக்கட்டும்!

புதுஅழைப்பு:
கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். அதே நெட்வொர்க்கில் இருக்கும் வேறு யாராவது என் ரேடியோவில் புகுந்து பேசிவிட முடியுமா?

மோர்ஸ்விரல்:
வா தம்பி, அதுதான் கேள்வி. எழுத்து வரியில் கட்டளை, கடவுச்சொல் கிடையாது என்றால் உள்ளே வந்த எவனும் பேசலாம். அப்புறம் மோர்ஸ். நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் ஒரு டிட் (குறுகிய ஒலி) 40 மில்லிசெகண்ட். வைஃபை ஒரு தடவை தடுமாறினாலே அதைவிட நேரம் போகும். மோர்ஸ் கீயை நெட்வொர்க் வழியாக அடித்தால் என் டிட் எல்லாம் டா (நீண்ட ஒலி) ஆகிவிடும்.

சாலிடர்ப்புகை:
கீயின் ஒவ்வொரு அசைவோடும் நேரமுத்திரை அனுப்பினால் ரேடியோ கொஞ்சம் தாமதித்து அதே இடைவெளியில் அடித்துக் கொடுக்கும். சைடுடோன், அதாவது அடிப்பவர் காதில் கேட்கும் ஒலி, மட்டும் நம் பக்கத்திலேயே உருவாக வேண்டும், தாமதமான ஒலியைக் கேட்டுக்கொண்டு எவனாலும் கீ அடிக்க முடியாது. கடவுச்சொல் விஷயத்தில் அண்ணனோடு எனக்குச் சண்டையே இல்லை.

மோர்ஸ்விரல்:
சரி, ரிசீவர் பக்கத்தை முழுக்கத் திறக்கட்டும், அதில் எனக்குத் தடையில்லை. டிரான்ஸ்மிட்டுக்கு ரேடியோவின் முகப்பிலேயே ஒரு சுவிட்ச் வேண்டும். நான் கையால் போட்டால்தான் வெளி நிரலுக்கு அனுமதி.

நீள்அலை:
மலை மேல் ஸ்டேஷன் வைத்துவிட்டு வீட்டிலிருந்து ஓட்டுபவர் அந்தச் சுவிட்சைப் போட மலை ஏறுவாரா சார்?

மோர்ஸ்விரல்:
ஒரு தடவை ஏறிப் போட்டுவிட்டு வரட்டும். ஃபைனல் மாற்ற ஏறுவதற்கு அது பரவாயில்லை.