சர்வர் மெமரி 96 சதவீதமா, 27 சதவீதமா?

தெப்பக்குளத்தான்:
விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் சர்வர். 16 ஜிபி ரேம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது. மெமரி 96% என்று மானிட்டரிங் டூல் ராத்திரியெல்லாம் அலெர்ட் அனுப்ப, முதலாளி கூடுதல் ரேம் போடச் சொல்கிறார். மெமரி நிலவரம் காட்டும் லினக்ஸின் ஃப்ரீ கமாண்டில், ஜிபி கணக்கில், ஃப்ரீ 0.6, பஃப்/கேஷ் 11, ஷேர்டு (புரோகிராம்கள் பகிர்வது) 4.1, அவைலபிள் (புரோகிராம் கேட்டால் கொடுக்கக்கூடியது) 7.3. போடலாமா?

சிம்மக்கல்:
வேண்டவே வேண்டாம். மொத்தத்தில் ஃப்ரீயை மட்டும் கழித்துவிட்டு மிச்சமெல்லாம் செலவு என்கிறது அந்த டூல். சும்மா கிடக்கிற ரேமில் லினக்ஸ் டிஸ்க்கிலிருந்து படித்த ஃபைல்களை வைத்துக்கொள்ளும், அதுதான் கேஷ். புரோகிராம் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். கேஷையும் கழியுங்கள்: 4.4 ஜிபி, 27%தான். அந்தக் காசில் சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போடலாம்.

திருமங்கலம்:
அண்ணே, 27ம் தப்பு. ஷேர்டு 4.1-ஐ விட்டுட்டீங்களே! போஸ்ட்கிரெஸ் தன் டேட்டாவை வைத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபர், ரேமிலேயே ஃபைல்களை வைக்கும் டெம்ப்எஃப்எஸ் எல்லாம் கேஷ் கணக்கில்தான் ஏறும். ஆனால் லினக்ஸின் மையமான கெர்னல் அதைச் சும்மா தூக்கிப்போட முடியாது, டிஸ்க்கில் ஒதுக்கிய ஸ்வாப்புக்குத்தான் தள்ள வேண்டும். நாளைக்கு டெம்ப்எஃப்எஸ் வீங்கினாலும் உங்கள் கணக்கு 27-லேயே நிற்கும். மெமரி தீர்ந்தால் புரோகிராமைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் வந்து போஸ்ட்கிரெஸ்ஸை முடித்துவிட்டுப் போகும். அவைலபிளைக் கழித்தால் 8.7 ஜிபி, 54%. அதுதான் கணக்கு.

சிம்மக்கல்:
அவைலபிளே கெர்னல் போடும் உத்தேசம்தானே தம்பி?

திருமங்கலம்:
உத்தேசம்தான். ஆனால் எந்தக் கேஷை விட முடியும் என்று தெரிந்தவன் போட்ட உத்தேசம். ஆளாளுக்கு ஃப்ரீயையும் கேஷையும் கூட்டிக்கொண்டிருந்ததால்தான் 2014-இல், 3.14 கெர்னலில், அதைச் சேர்த்தார்கள். புதிய ஃப்ரீ கமாண்டின் யூஸ்டு நெடுவரிசையே இப்போது மொத்தத்தில் அவைலபிளைக் கழித்து வருவதுதான்.

சிம்மக்கல்:
என் பேக்கப் சர்வரில் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். அதன் சொந்தக் கேஷான ஏஆர்சி, மெமரி நெருக்கினால் சுருங்கும், ஆனால் அவைலபிளில் சேராது. அங்கே உன் கணக்கு வீணாகப் பயமுறுத்துமே?

திருமங்கலம்:
சரி, அங்கே ஏஆர்சியைத் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். இந்தக் கடை சர்வரில் என்ன ஃபைல் சிஸ்டம்?

தெப்பக்குளத்தான்:
எக்ஸ்ட்4. விஎம்ஸ்டாட் கமாண்டில் எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) இரண்டும் பூஜ்யம், பில் போடும் நேரத்திலும். ரேம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவைலபிள் 10%க்குக் கீழே போனால் மட்டும் அலெர்ட்.

சிம்மக்கல்:
தீபாவளிக் கூட்டத்துக்கு 10 பத்தாது, 20 வையுங்கள்.

திருமங்கலம்:
20 வைத்தால் மறுபடியும் ராத்திரித் தூக்கம் போய்விடும் அண்ணே.