ஊக்கமருந்தில் சிக்கிய குத்துச்சண்டை வீரருக்கு ஆயுள் தடை சரியா?

இடதுகைக்காரன்:
ஒரு முறை சிக்கினாலே ஆயுள் தடை என்று வந்தால்தான் தொழில்முறை குத்துச்சண்டை உருப்படும். ஜாரெல் மில்லரைப் பாருங்கள். 2019-இல் அந்தோணி ஜோஷுவாவோடு மோத இருந்தவர். மூன்று மாதிரிகளில் மூன்று மருந்து: உடல் தாங்குதிறனைக் கூட்டும் ஜிடபிள்யூ1516, வளர்ச்சி ஹார்மோன், இரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் ஈபிஓ. உலகக் குத்துச்சண்டைச் சங்கமான டபிள்யூபிஏ தந்த தண்டனை வெறும் ஆறு மாதம்! 2020-இல் மறுபடியும் ஜிடபிள்யூ1516-இல் மாட்டினார். 2024-இல் ஆண்டி ரூயிஸோடு மோதி டிரா செய்கிறார்.

கார்னர்மேன்:
மில்லரை மனதில் வைத்து விதி எழுதினால் தப்பே செய்யாதவனும் மாட்டுவான். மெக்சிகோவில் மாடுகளுக்குக் கொழுப்பு குறைய கிளென்பியூட்டரால் என்ற மருந்தைக் கொடுப்பது பழைய கதை. 2011-இல் அங்கே நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை கால்பந்தில் பாதிக்கும் மேற்பட்ட மாதிரிகளில் அது இருந்தது. அந்தப் பையன்கள் எல்லாம் ஊசி போட்டுக்கொண்டா வந்தார்கள்? மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் கறியால் வந்திருக்கலாமா என்று விசாரிக்க வேண்டும் என 2019-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவே இறங்கி வந்தது. மெக்சிகோ குத்துச்சண்டை வீரர் கானெலோவின் மாதிரியில் இருந்தது அதைவிட மிகக் குறைவு.

இடதுகைக்காரன்:
வந்துவிட்டார் கானெலோ! 2018 பிப்ரவரியில் சிக்கினார். மே மாதம் கொலோவ்கினோடு நடக்க வேண்டிய சண்டை நின்றது. அமெரிக்காவின் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் ஆறு மாதத் தடையை முன்தேதியிட்டு பிப்ரவரியிலிருந்தே கணக்கு வைத்தது. செப்டம்பரில் அதே கொலோவ்கினை வென்று பெல்ட்டோடு போனார். தள்ளிப்போனது ஒரு தேதி, அவ்வளவுதான். கறி சாப்பிட்டது உண்மையாகவே இருக்கட்டும். மெக்சிகோ கறியில் என்ன இருக்கிறது என்று தெரியாதவரா அவர்?

பத்தாவது ரவுண்ட்:
இரண்டு பேரும் தண்டனையையே பிடித்துத் தொங்குகிறீர்கள். முடிவு எப்போது வருகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். 2024 ஏப்ரல் 20-இல் ரையன் கார்சியா, டெவின் ஹேனியை மூன்று முறை கீழே தள்ளினார். சண்டைக்கு முந்தைய நாளும் சண்டை நாளிலும் எடுத்த கார்சியாவின் மாதிரிகளில் தசை வளர்க்கும் மருந்தான ஆஸ்டரைன். அது வெளியே தெரிந்ததோ சண்டை முடிந்து பல நாள் கழித்து. வெற்றியை ரத்து செய்தார்கள், ஓராண்டு தடை போட்டார்கள், 11 லட்சம் டாலர் சம்பளத்தைப் பிடுங்கினார்கள். எல்லாம் சரி. ஹேனி தலையில் வாங்கிய அடியை எந்த ஆணையம் ரத்து செய்யும்? ஓட்டப்பந்தயமாக இருந்தால் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று. வாடா வேறு, வாதா வேறு. குத்துச்சண்டையில் பெரிய பெரிய பெயர்களைப் பிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் இந்த வாதாதான், அதாவது தன்னார்வ ஊக்கமருந்துத் தடுப்புச் சங்கம். பெயரிலேயே 'தன்னார்வ' இருக்கிறது. ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தால்தான் சோதனை.

கார்னர்மேன்:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கார்சியாவும் சத்துப் பொருளில் கலப்படம் என்றுதானே சொன்னார்? ஆயுள் தடை என்று பயமுறுத்தினால் வழக்கறிஞர் செலவுக்குப் பணம் இருப்பவன் தப்பிப்பான், இல்லாதவன் காலி.

இடதுகைக்காரன்:
இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்? 2022-இல் பிரிட்டன் வீரர் கானர் பென் மாதிரியில் குளோமிஃபீன் என்ற தடை மருந்து. யூபேங்க் ஜூனியரோடு சண்டை ரத்து. முட்டை அதிகம் சாப்பிட்டதால் இருக்கலாம் என்று உலகக் குத்துச்சண்டை மன்றமான டபிள்யூபிசி சொன்னது. 2024-இல் வழக்கிலிருந்தும் விடுபட்டார். 2025 பிப்ரவரியில் சண்டையை விளம்பரப்படுத்த உட்கார்ந்தபோது யூபேங்க் அவர் முகத்திலேயே முட்டையை உடைத்தார். ஏப்ரலில் ஸ்டேடியம் நிறையக் கூட்டம். இவ்வளவு நல்ல விளம்பரம் கிடைக்கும்போது எந்த ப்ரோமோட்டர் சோதனையைக் கடுமையாக்கச் சொல்வார்?