சம்பளம் 16,000, மாதம் மூன்று வட்டிக்கு வாங்கிய கடன், கல்விக்கடன்: எதை முதலில் அடைப்பது?

கேள்வி:
பி.இ. முடித்து ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, கைக்கு வருவது 16,000. என் படிப்புக்காக அப்பா ஊரில் மூன்று வட்டிக்கு 80,000 வாங்கியிருக்கிறார், கல்விக்கடன் வேறு. மாசக் கடைசியில் அம்மா கூப்பிட்டால் போனை எடுக்கவே கை வருவதில்லை.

பதில் 1:
தம்பி, மூன்று வட்டி என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு 36 ரூபாய்! மாதம் 2,400 வட்டியாகவே போகும், அசல் அப்படியே நிற்கும். கல்விக்கடன் தவணை பெரும்பாலும் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தொடங்கும், அதற்குள் இதை முடித்துவிடுங்கள். வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வைத்து அடையுங்கள், வட்டி பாதிக்கும் கீழே வந்துவிடும்.

பதில் 2:
சரிதான், ஆனால் மொத்தத்தையும் கடனுக்கே கட்டிவிடாதே. முதலில் 5,000 தனியாக ஒதுக்கு. நான் ஒதுக்கவில்லை, ஒரு டைபாய்டு காய்ச்சலில் திரும்பவும் அதே வட்டிக்காரர் வாசலில் போய் நின்றேன். அப்புறம், வேலை மாறினால் பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றிக்கொள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அம்மாவிடம் இப்போதுதான் பேசினேன், இரண்டு பவுன் சங்கிலி இருக்கிறதாம். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.