16 வகுப்பறை, 480 மாணவர்: தொழில்நுட்ப வழிக் கற்றலுக்கு 3 ஆண்டுத் திட்டம், எதில் தொடங்குவது?

மணியோசை (கேள்வி)

வணக்கம். 5 முதல் 8 வரை வகுப்புகள், வகுப்புக்கு 4 பிரிவு, பிரிவுக்கு 30 பேர். ஆசிரியர்கள் 24 பேர். வாரத்துக்கு 40 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். இப்போதைக்கு ஒரு பழைய கணினி அறை மட்டும்தான் உண்டு.

நிர்வாகம் 3 ஆண்டுத் திட்டம் கேட்டிருக்கிறது. முதல் வரைவில் இருப்பவை: ஆளுக்கொரு டேப்லட், எல்லா வகுப்பறைக்கும் ஸ்மார்ட் போர்டு, ஒரு ரோபோட்டிக்ஸ் ஆய்வகம், இரண்டு நாள் ஆசிரியர் பயிற்சி. இந்த வரிசை சரியா? எண்ணிக்கையை எப்படிக் கணக்கிடுவது? வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கரும்பலகை

வரைவில் இருப்பது வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல். அதைத் திட்டம் என்று சொல்ல முடியாது. பெருவில் கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்த திட்டத்தை 319 பள்ளிகளில், 15 மாதங்களுக்குப் பிறகு ஆய்வு செய்தார்கள். முடிவு 2012-ல் வந்தது. ஒரு மாணவருக்கு 0.12 ஆக இருந்த கணினி விகிதம் 1.18 ஆக ஏறியிருந்தது. கணக்கு, மொழித் தேர்வு மதிப்பெண்ணில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. கருவி கைக்கு வந்த பிறகும் பாடவேளைக்குள் நடக்கும் வேலை அப்படியே இருந்தால் இதுதான் நடக்கும்.

முதலில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் பிள்ளைக்கு என்ன *செய்ய* வரவேண்டும்? உதாரணத்துக்கு:

5: தாய்மொழியில் தட்டச்சு செய்வது, கோப்புக்குப் பெயர் வைத்துச் சேமித்து, அடுத்த வாரம் தானே தேடி எடுப்பது. (சிரிக்காதீர்கள். எட்டாம் வகுப்பிலும் பாதிப் பேர் திணறுவது இதில்தான்.)
6: தானே அளந்து எடுத்த எண்களை அட்டவணையாக்கி, வரைபடம் போட்டு, அது என்ன சொல்கிறது என்று இரண்டு வரி எழுதுவது.
7: ஒரு தகவலை ஒன்றையொன்று சாராத இரண்டு இடங்களில் சரிபார்ப்பது.
8: சென்சார் வைத்து அளவு எடுத்து, அதற்கான நிரலைத் தானே எழுதி, பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது.

ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பாடம், எந்த மாதம், எத்தனை பாடவேளை என்று குறியுங்கள். அறிவியல், கணக்கு, மொழி, சமூகவியல் நான்கிலும் இடம் விழ வேண்டும். ‘கணினி சார்’ தலையில் மொத்தத்தையும் கட்டிவிட்டால் மற்ற 23 பேரும் ஒதுங்கிக்கொள்வார்கள்.

இனி எண்ணிக்கை தானே வரும். ஒரு பிரிவுக்கு வாரம் 8 பாடவேளை கருவி வேண்டும் என்றால் 16 × 8 = 128. ஒரு சார்ஜிங் வண்டி (30 டேப்லட்டை அடுக்கிச் சார்ஜ் போட்டு, அறைக்கு அறை தள்ளிப்போகும் அலமாரி) வாரத்தின் 40 பாடவேளையும் ஓடாது. வகுப்பு மாற்றம், சார்ஜ், கணக்கெடுப்பு எல்லாம் போக 30 என்று வையுங்கள். 128 ÷ 30 = 4.3. ஆக 5 வண்டி, 150 டேப்லட், பழுதுக்கு மாற்றாக 15. மொத்தம் 165 போதும், 480 வேண்டியதில்லை.

இன்னொன்று: 40 நிமிடப் பாடவேளையில் கொடுக்க 4, உள்நுழைய 3, திரும்ப வாங்கி அடுக்க 4 நிமிடம் போனால் கையில் நிற்பது 29. பாடத்தை அந்த 29-க்குத்தான் திட்டமிட வேண்டும். டைம்டேபிளில் இரண்டு பாடவேளையை ஒட்டிப் போட்டால் 29 + 29 அல்ல, 69 கிடைக்கும். செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இது. டைம்டேபிள் போடுபவரை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள்.

---

செம்புக்கம்பி

கரும்பலகை சொன்ன 3 நிமிட உள்நுழைவு, நெட்வொர்க் ஒழுங்காக இருந்தால்தான். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

*கேபிள்.* 16 அறைக்கும் தலா இரண்டு கேட்-6 நெட்வொர்க் கேபிள் இப்போதே இழுத்துவிடுங்கள். பிறகு சுவரை உடைப்பது வீண் செலவு. ஸ்விட்சிலிருந்து (எல்லாக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி) கருவி வரை மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கட்டடம் நீளமானால் நடுவில் இன்னொரு ஸ்விட்ச்.

*வைஃபை.* ஒரே நேரத்தில் ஓடப்போவது 5 வகுப்பு. ஆனால் அது எந்த 5 என்று தெரியாது. ஒன்றுவிட்டு ஒரு அறையில், மொத்தம் 8 ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) வைத்துத் தொடங்கலாம். வராந்தாவில் மாட்டாதீர்கள், அறைக்குள் மாட்டுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று; எட்டையும் அதில் ஓட்டினால் ஒன்றின் பேச்சை மற்றொன்று கெடுக்கும். டேப்லட்டுகள் 5 கிகாஹெர்ட்ஸில், 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் ஓடட்டும். அனுப்பு திறனை முழுதாக ஏற்றி வைப்பது பலர் செய்யும் தவறு. அப்படி வைத்தால் கருவி பக்கத்து அறை ஆக்சஸ் பாயிண்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டு தள்ளாடும்.

*பி.ஓ.ஈ. ஸ்விட்ச்* (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுப்பது). 24 போர்ட் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பெட்டியின் மேல் மொத்த வாட் எழுதியிருக்கும். 370 வாட் ஸ்விட்ச், போர்ட்டுக்கு 15.4 வாட் என்றால் 24-க்கும் கொடுக்கும். 30 வாட் கேட்கும் ஆக்சஸ் பாயிண்ட் என்றால் 12-ஓடு சரி. இன்றைக்கு 8-க்குப் போதும், 16 ஆகும்போது இடிக்கும்.

*ஐ.பி. முகவரி* (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் எண்). ரூட்டரில் வழக்கமாக இருக்கும் 255.255.255.0 அமைப்பில் 254 முகவரிதான். 165 டேப்லட், ஆசிரியர் ஃபோன்கள், மடிக்கணினிகள், கேமரா, பிரிண்டர் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் தீர்ந்துபோகும். அறிகுறி: சிக்னல் முழுதாக இருக்கும், ஆனால் கடைசியாகத் திறந்த 6, 7 டேப்லட்டில் மட்டும் இணையம் வராது. எல்லாரும் டேப்லட்டைத்தான் திட்டுவார்கள். 255.255.252.0 என்று மாற்றினால் 1022 முகவரி. விருந்தினர், ஆசிரியர் ஃபோன்களைத் தனி நெட்வொர்க்கில் தள்ளிவிடுங்கள்.

*அப்டேட்.* 1 ஜிபி அப்டேட்டை 165 டேப்லட் தனித்தனியே இறக்கினால் 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் 3 மணி 40 நிமிடம் வேறு எதுவும் நகராது. இரவு நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். ஒதுக்கிய பிறகு, சாயங்காலம் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைக்கும் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அப்டேட்டும் இல்லை, சார்ஜும் இல்லை.

*மின்சாரம்.* டேப்லட் சார்ஜர் 18 வாட் என்றால் வண்டிக்கு 540 வாட், தொல்லை இல்லை. நாளை 65 வாட் மடிக்கணினிக்கு மாறினால் வண்டிக்கு 1950 வாட்; 230 வோல்ட், 16 ஆம்பியர் லைன் ஒன்று (3680 வாட்) இரண்டு வண்டிக்கே திணறும். வண்டிக்கு ஒரு லைன் என்று இப்போதே போடுங்கள். இரண்டு விஷயம் கவனம்: 30 அடாப்டரை ஒரே சுவிட்சில் ஒன்றாகப் போட்டால் முதல் நொடி மின்னோட்டத்துக்கே எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) விழும், எனவே தொகுதி தொகுதியாகத் திறக்கும் டைமர் உள்ள வண்டி வேண்டும். மூன்று பின் அடாப்டர் ஒவ்வொன்றும் கொஞ்சம் மின்னோட்டத்தைத் தரை இணைப்பில் கசியவிடும். பல வண்டி ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (கசிவு தெரிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) மீது இருந்தால், எதுவும் பழுதாகாமலே அது விழுந்துகொண்டிருக்கும்.

---

மின்பொம்மை

ரோபோட்டிக்ஸ் ஆய்வகம் என்று ஒரு அறையைப் பூட்டி வைக்காதீர்கள். மூடி போட்ட பெட்டிகளாக வாங்கி வகுப்புக்கு எடுத்துப் போங்கள். இருவருக்கு ஒரு பெட்டி: 15 பெட்டி, கூடுதல் 2. மைக்ரோபிட் போர்டு (பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் சிறு கணினிப் பலகை) இந்த வயதுக்குப் பொருத்தம். 25 எல்.ஈ.டி., இரண்டு பொத்தான், அசைவு, வெப்பம், ஒளி உணர்தல் எல்லாம் போர்டிலேயே இருப்பதால் முதல் 6, 7 வாரம் வெளியே ஒயர் எதுவும் வேண்டாம். கட்டங்களை இழுத்துப் போட்டும் நிரல் எழுதலாம், பைதானிலும் எழுதலாம். டேப்லட்டிலிருந்து போர்டுக்கு நிரல் அனுப்ப புளூடூத் வேண்டியிருக்கும், 15 ஜோடி ஒரே அறையில் இணைக்கும்போது குழப்பம் வரும். 8-ஆம் வகுப்புக்கு யு.எஸ்.பி. உள்ள மடிக்கணினி ஒரு வண்டி இருந்தால் நிம்மதி. பழைய கணினி அறையே இதற்கு உதவும், உடனே ஏறக்கட்டிவிடாதீர்கள்.

வகுப்பைக் கெடுக்கும் இரண்டு: (1) யு.எஸ்.பி. கேபிளில் சிலவற்றில் சார்ஜுக்கான ஒயர் மட்டும் இருக்கும், டேட்டா ஒயர் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினிக்குத் தெரியாது. வந்த அன்றே ஒவ்வொன்றாகச் சோதித்து, நல்லதற்கு வண்ண டேப் சுற்றிவிடுங்கள். (2) சர்வோ மோட்டாரை (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) போர்டின் 3 வோல்ட் முனையில் மாட்டுவது. மோட்டார் தடைபட்டால் சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். போர்டு அணைந்து அணைந்து எழும், பிள்ளைகள் பாவம் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து, இரண்டின் எதிர்முனையையும் (கிரவுண்ட்) இணையுங்கள்.

---

மணியோசை

மிக்க நன்றி. 165 என்ற கணக்கே நிர்வாகத்தைச் சமாதானப்படுத்திவிடும். இரண்டு கேள்வி: 75 அங்குல ஸ்மார்ட் போர்டு ஏறக்குறைய முடிவாகிவிட்டது, எல்லா அறைக்கும் சரிவருமா? இரண்டு நாள் பயிற்சி போதாது என்றால் வேறு எப்படி?

---

கரும்பலகை

போர்டு: 75 அங்குலத் திரையின் உயரம் சுமார் 93 செ.மீ. எழுத்தைச் சிரமமின்றிப் படிக்கத் திரை உயரத்தைப் போல 6 மடங்கு தூரம் என்பது நடைமுறை வரம்பு: 5.6 மீட்டர். உங்கள் அறையில் கடைசி பெஞ்ச் எத்தனை மீட்டரில் என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். 8 மீட்டர் என்றால் கடைசி இரண்டு வரிசைக்கு அது வெறும் வெளிச்சம்தான். முதல் ஆண்டு நான்கே அறையில் வைத்து, ஆசிரியர்கள் தொட்டு எழுதுகிறார்களா, வீடியோ மட்டும் ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். வீடியோ மட்டும் என்றால் மீதி 12 அறைக்கு சாதாரணத் திரை போதும்.

பயிற்சி: இரண்டு நாளை 12 மணி நேரம் என்று வையுங்கள். அதையே வாரம் ஒரு பாடவேளையாக 18 வாரத்துக்குப் பிரித்துப் போடுங்கள். ஒரே பாடத்தை எடுக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து, அடுத்த வாரம் எடுக்கப்போகும் *ஒரு* பாடத்தை மாற்றி எழுத வேண்டும். பருவத்துக்கு ஆளுக்கு இரண்டு பாடம் போதும். முதல் ஆண்டு 6-ஆம் வகுப்பின் நான்கு பிரிவு, இரண்டு வண்டி. அதற்குமேல் போகாதீர்கள்.

தேர்வையும் தொட வேண்டும். 100-ல் 20 மதிப்பெண்ணாவது செய்துகாட்டும் வேலைக்கு வராவிட்டால் ஜனவரிக்கு மேல் வண்டியை யாரும் திறக்கமாட்டார்கள். வீட்டில் ஏ.ஐ. எழுதிக் கொடுத்ததை ஒட்டிக்கொண்டு வருவார்கள் என்ற பயம் நியாயமானது. அதற்கு வகுப்பிலேயே எழுதிய வரைவைக் கேளுங்கள், ஆளுக்கு 3 நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள். 30 பேருக்கு 90 நிமிடம் ஆகும், முடியாது. சீட்டுப் போட்டு 8 பேர் என்றால் 24 நிமிடம். யார் பெயர் வரும் என்று தெரியாததால் எல்லாரும் படித்துவிட்டு வருவார்கள்.

---

செம்புக்கம்பி

வாங்கும் ஒப்பந்தத்தில் இவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்: மென்பொருள் பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை என்று எழுத்தில், மாற்று பேட்டரி கிடைக்குமா என்பது. பள்ளி நாள் 200 என்றால் 3 ஆண்டில் 600 சார்ஜ். லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முழுச் சுற்றுக்குள் தளர ஆரம்பிக்கும். மூன்றாம் ஆண்டு பட்ஜெட்டில் பேட்டரி என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

நீண்ட விடுமுறைக்கு 50 சதவீதம் சார்ஜில் அணைத்து வையுங்கள். காலியாக விட்டு இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் சில எழுந்திருக்கவே மாட்டா. இணையம் மெதுவானால் பாட வீடியோக்களை கொலிப்ரி போன்ற ஆஃப்லைன் சர்வரில் ஏற்றி, உள் நெட்வொர்க்கிலேயே ஓட்டலாம். 150 பேர் தனித்தனியே 1.5 எம்.பி.பி.எஸ். இழுத்தால் 225 ஆகும். அந்தச் சுமை வெளி இணைப்பில் விழாது.

---

மணியோசை

டேப் எடுத்து அளந்தாகிவிட்டது. 16-ல் 11 அறையில் கடைசி பெஞ்ச் 7 மீட்டருக்கு மேல். போர்டு ஆர்டரை நான்கோடு நிறுத்தச் சொல்லி எழுதுகிறேன். டைம்டேபிள் பார்ப்பவர் நாளைக் கூட்டத்துக்கு வருகிறார்.